பென்சிலைத் திரும்ப எடுத்தவர்களுக்கு: எந்தக் கோளாறுக்கு எங்கே கைவைப்பது

ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று தள்ளிக்கொண்டு போனால் நல்ல மெக்கானிக் உடனே எஞ்சினைப் பிரிப்பதில்லை. வண்டியை ஆட்டிப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிளக்கைக் கழற்றித் துடைப்பார். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் படம் வரைய உட்காருகிறவர்களோ முதல் படம் கோணியதுமே நேராக எஞ்சினில் கைவைக்கிறார்கள். “எனக்குக் கை போய்விட்டது” என்கிறார்கள். கை எங்கும் போகவில்லை.

நான் பள்ளியில் கடைசியாக வரைந்தது பிளஸ் டூ உயிரியல் ரெக்கார்டு நோட்டில். மறுபடி வரைய உட்கார்ந்தது நாற்பத்திரண்டாம் வயதில். நடுவில் வரைந்ததெல்லாம் அலுவலகக் கூட்டங்களில் நோட்டு ஓரத்தில் போட்ட பெட்டிகளும் அம்புக்குறிகளும்தான். நானும், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வரைய வருகிற சிலரும் மாட்டிக்கொண்ட கோளாறுகளைக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போகலாம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். தாள், பென்சில், உட்காரும் இடம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: எல்லாம் வாங்கியாயிற்று, முதல் பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது

இது என் சொந்த நோய். துணி அட்டை போட்ட, தடித்த தாள் கொண்ட ஸ்கெட்ச் புத்தகம் ஒன்றை ஆசையாக வாங்கினேன். எட்டு மாதம் அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

சோதனை எளிது. செய்தித்தாளின் ஓரத்தில், மளிகை பில்லின் பின்பக்கத்தில் ஏதாவது கிறுக்கக் கை வருகிறதா? வருகிறது என்றால் உங்களிடம் ஒரு குறையும் இல்லை. தாளின் விலைதான் குறுக்கே நிற்கிறது. நல்ல தாளில் கெட்ட படம் போடக் கை கூசுகிறது, அவ்வளவே.

இதற்குக் கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஆவணியிலும் தையிலும் வீட்டில் குவிகிற பத்திரிகைகளின் பின்பக்கம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அட்டை கெட்டி; பத்து முறை ரப்பர் போட்டாலும் கிழியாது. பளபளப்புப் பூச்சு இல்லாததாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், பூச்சில் பென்சில் பிடிக்காது. அதோடு ஒரு 4பி பென்சில், ரப்பர், ஷார்ப்னர், பிள்ளைகளின் பரீட்சை அட்டை. முதல் மாதத்துக்கு இதற்குமேல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கிய புத்தகம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதன் முதல் பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதுங்கள். துவரம்பருப்பு அரைக் கிலோ, தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் என்று எழுதிவிட்டால் அப்புறம் அது சாதாரண நோட்டுதான்.

அறிகுறி: பள்ளியில் வரைந்த அளவுக்குக்கூட இப்போது வரவில்லை

கோளாறு கையிலா, கண்ணிலா என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒற்றை அடுக்குச் செம்பருத்தி கிடைக்கிற இடமாக இருந்தால் நல்லது. பூவைப் பார்க்காமல் நினைவிலிருந்து ஒரு செம்பருத்தி வரையுங்கள். பிறகு பூவைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, பார்த்து இன்னொன்று வரையுங்கள்.

நினைவிலிருந்து வந்தது ரெக்கார்டு நோட்டுச் செம்பருத்தியாக இருக்கும்: விசிறி போல் பரப்பிய ஐந்து இதழ்கள், நடுவில் நட்டுவைத்தாற்போல் மகரந்தக் குழல், இரண்டு பக்கமும் சரிசமம். பூ அப்படி இருப்பதில்லை. ஒவ்வோர் இதழும் ஓர் ஓரத்தால் அடுத்த இதழை மூடுகிறது. மறு ஓரத்தை முந்தைய இதழுக்கு அடியில் கொடுத்துவிடுகிறது. ஐந்தும் சேர்ந்து காற்றாடியைப் போல ஒரே பக்கமாகச் சுழல்கின்றன. ‘திருகு இதழமைவு’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். படத்தில் என்னவோ விசிறியைத்தான் வரைந்தோம்.

பார்த்து வரைந்த படம் நினைவுப் படத்தைவிட அவலட்சணமாகத்தான் இருக்கும். அதில் அந்தச் சுழல் கொஞ்சமாவது விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்திருந்தால் கண் திறந்துகொண்டது என்று பொருள். பள்ளிக்கூடத்தில் விசிறிப் பூவுக்கு ‘வெரி குட்’ கிடைத்தது. இன்று அதே பூவை அதே கை வரைந்தால் உங்களுக்கே பிடிக்கவில்லை. இடையில் எத்தனையோ நல்ல படங்களைப் பார்த்துவிட்ட கண், திருத்துகிற ஆசிரியராகக் கடுமையாகிவிட்டது. கை அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த இடைவெளிதான் நம்மை வதைக்கிறது. கீழே வருகிற கோளாறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு குறுக்குவழி உண்டு. கோட்டுச் சித்திரம் ஒன்றைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, தலைகீழாகவே வரையுங்கள். மூக்கு, விரல் என்று பெயர் சொல்லக்கூடாது; இந்தக் கோடு அந்தக் கோட்டை எங்கே தொடுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். பெயர் தெரியாத பொருளைக் கை திரிப்பதில்லை. முடித்துவிட்டு நேராகத் திருப்பிப் பார்க்கும்போது முதல் முறை எல்லோருக்குமே ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கும்.

அறிகுறி: கோடு நடுங்குகிறது, உரோமம் முளைத்தாற்போல் இருக்கிறது

முதலில் ஒன்றை விலக்கிவிடலாம். காப்பி டம்ளரைத் தூக்கும்போதும், சட்டைப் பொத்தானைப் போடும்போதும் கை நடுங்கினால், அது ஓவியத்தைச் சேர்ந்த விஷயம் அல்ல, மருத்துவரைப் பாருங்கள்.

வரையும்போது மட்டும் நடுங்கினால் காரணம் மணிக்கட்டு. இத்தனை ஆண்டும் நாம் செய்ததெல்லாம் கையெழுத்துப் போட்டதும் கைப்பேசியைத் தள்ளியதும்தான். இரண்டுக்கும் மணிக்கட்டும் விரலும் போதும். அதே பழக்கத்தில் ஒரு சாண் நீளக் கோட்டை இழுக்கும்போது மணிக்கட்டு பாதிவழியில் திரும்பிக்கொள்கிறது. உடனே பயந்துபோய்ச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டுப்போடுகிறோம்.

எங்கள் அத்தைக்கு எழுபத்து மூன்று வயது. பேனாவைப் பிடித்தால் கையெழுத்தே தள்ளாடும். மார்கழியில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை ஒரு பிசிறு இல்லாமல் போட்டு முடிக்கிறார். ஒருநாள் பக்கத்தில் நின்று கவனித்தேன். குனிந்த நிலையில் கை தோளிலிருந்து தொங்குகிறது. மணிக்கட்டு மடங்குவதே இல்லை. இன்னொன்றும் பார்த்தேன், அதுதான் எனக்குப் பாடம். மாவு விழுகிற இடத்தை அத்தை பார்ப்பதில்லை. கோடு போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்க்கிறார். விரல் தானாகப் பின்னால் வருகிறது.

அதைத் தாளில் செய்து பாருங்கள். நான்கு விரற்கடை இடைவெளியில் இரண்டு புள்ளி. பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தாளைத் தொடாமல் காற்றிலேயே இரண்டு முறை போய்வாருங்கள். மூன்றாவது முறை தாளில் இறக்கி, கண்ணை இரண்டாம் புள்ளியில் வைத்து, ஒரே இழுப்பு. தவறினால் அழிக்க வேண்டாம், அடுத்த ஜோடிக்குப் போய்விடுங்கள். ஒரு பக்கத்துக்கு இருபது ஜோடி, ஒரு வாரம். வேறு எந்தப் பயிற்சியும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கொடுத்ததில்லை.

அறிகுறி: டம்ளர் வரைந்தால் வாய் எலுமிச்சம்பழம் போல் கூராகிறது, அடிப்பாகம் தட்டையாகிறது

இந்த இரண்டு கோளாறும் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். வீட்டில் டபரா டம்ளர் இருந்தால் எடுத்து வாருங்கள், இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். பார்க்கும்போது நசுங்கித் தெரிகிறது என்றும் தெரியும். கை சமரசமாக இரண்டு வில்களை வரைந்து ஓரங்களில் முடிச்சுப் போடுகிறது. அதனால்தான் எலுமிச்சம்பழம். நசுங்கிய வட்டத்துக்கு எங்கேயும் முனை கிடையாது. இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் கோடு சின்னதாக, உருண்டையாகத் திரும்பிப் போகிறது. தோளிலிருந்து நான்கைந்து சுற்று நிற்காமல் லேசாகச் சுற்றுங்கள்; பிறகு சரியாக விழுந்த சுற்றை மட்டும் அழுத்துங்கள்.

அடிப்பாகத்தின் கதை வேறு. டம்ளர் மேசையில் ஆடாமல் நிற்கிறது, ஆகவே அடி தட்டை என்று மூளைக்குத் தெரியும். அந்த அறிவைக் கை அப்படியே நேர்கோடாகப் போட்டுவிடுகிறது. இப்போது டம்ளரைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள்: வாய் ஒரு நேர்கோடு. மெல்ல இறக்குங்கள்: வாய் திறந்துகொண்டே வருகிறது. கண்ணுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு உருண்டை. அப்படியானால் மேசைமேல் இருக்கிற டம்ளரில் வாயைவிட அடிதான் அதிகக் கீழே இருக்கிறது. அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். நாம் வரைந்ததோ நேர் எதிர்.

பாதி காப்பி ஊற்றினால் நடுவில் இன்னொரு வட்டம் கிடைக்கும். அது இரண்டுக்கும் இடைப்பட்ட வளைவு. டபராவின் விளிம்பு நான்காவது. இந்த நான்கையும் ஒரே படத்தில் சரியாகப் போட்டுவிட்டால் குடம், உரல், கிணறு, தண்ணீர்த் தொட்டி எல்லாமே உங்களுக்கு வந்துவிடும். எவர்சில்வர் பளபளப்பை இன்றைக்கு விட்டுவிடுங்கள். டம்ளருக்குள் ஜன்னலும் ட்யூப்லைட்டும் நம் முகமும் வளைந்து தெரியும். அதை வரையப் போனால் டம்ளர் போய்விடும். காப்பி ஆறுவதற்குள் படத்தை முடிக்கவும் வேண்டாம், ஆறவும் விட வேண்டாம். குடித்துவிட்டு வரைந்தால் போயிற்று.

அறிகுறி: மேசையில் இருக்கும்போது சரியாக இருந்தது, கையில் எடுத்துப் பார்த்தால் மேல்பாதி நீண்டிருக்கிறது

தாள் மேசையில் படுத்திருக்கிறது. அதன் மேல்விளிம்பு கண்ணுக்குத் தூரம், கீழ்விளிம்பு கிட்டம். தூரத்தில் இருக்கிற பகுதி சுருங்கித் தெரிவதால், அதை ஈடுகட்ட நீட்டி வரைகிறீர்கள். தாளை நிமிர்த்தியதும் நெற்றி வழுக்கைபோல் ஏறிக்கொள்கிறது.

பரீட்சை அட்டையில் தாளைச் செருகி, அடிப்பக்கத்தை மடியிலும் மேல்பக்கத்தை மேசை விளிம்பிலும் சாய்த்துவையுங்கள். தாள் முழுவதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்துவிடும். இதற்காகவே ஈசல் என்கிற ஓவியத் தாங்கியை வாங்கினவர் எங்களில் ஒருவர் உண்டு. இப்போது அதில் துண்டு காய்கிறது.

அறிகுறி: அச்சில் இருக்கும் படத்தைப் பார்த்தால் அப்படியே வருகிறது, நேரில் பார்த்தால் ஒன்றும் வரவில்லை

எங்கள் தலைமுறை வரையப் பழகியதே வார இதழ்களை வைத்துத்தான். மாருதியின் பெண்கள், ஜெயராஜின் பெண்கள், மணியம் செல்வனின் ராஜாக்கள். படத்தின்மேல் கட்டம் போட்டு, நோட்டில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக நகல் எடுப்போம். அதில் கை தேர்ந்தவர்கள் நிறையப் பேர். அவர்களைத் தெருமுனையில் உட்காரவைத்து எதிர்வீட்டை வரையச் சொன்னால் திகைத்துப்போகிறார்கள்.

காரணம் உண்டு. ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் முன் உட்கார்ந்து வரைந்த கோட்டுச் சித்திரங்கள் ஆனந்த விகடனில் வந்தன. ஒரு கல் தூணில் கண்ணுக்குப் படுகிற ஆயிரம் விவரங்களில் எதைக் கோடாக்குவது, எதை விடுவது, இருட்டை எத்தனை கீறலில் சொல்வது என்ற தீர்மானங்களை எல்லாம் அவர் அங்கேயே எடுத்து முடித்துவிட்டார். அந்தப் படத்தை நகலெடுக்கும்போது நமக்கு மிஞ்சுவது கோடு மட்டும்தான். தீர்மானம் எடுக்கும் தசை வளரவே இல்லை.

அதை வளர்க்க ஜன்னலுக்குப் போங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், வெளியே தெரிவதைக் கண்ணாடியின் மேலேயே மார்க்கர் பேனாவால் வரையுங்கள். ஈரத்துணியில் அழியும் மார்க்கராகப் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும். இது ஏமாற்று வேலை அல்ல. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1525இல் வெளியிட்ட நூலில், ஓவியர் ஒருவர் கண்ணாடித் தகட்டின் வழியே எதிரில் அமர்ந்தவரைப் பார்த்து அதன்மேலேயே வரைகிற மரச்செதுக்குப் படம் இருக்கிறது. எதிர்வீட்டு மாடியின் கைப்பிடிச்சுவர், நீங்கள் நினைத்ததைவிட எவ்வளவு செங்குத்தாகச் சாய்கிறது என்பதைக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று முறை செய்தபின், ஓர் அட்டையில் தீப்பெட்டி அளவு ஜன்னல் வெட்டி, அதன் வழியே பார்த்துத் தாளில் வரையுங்கள்.

அறிகுறி: முகம் வருகிறது, ஆள் வரவில்லை

அப்பாவின் படத்தை வரைந்து அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாரடா இது, உன் பெரியப்பாவா?” என்றார். பெரியப்பா அப்பாவைப்போல் துளியும் இருக்கமாட்டார்.

முதலில் கண்ணின் இடத்தை அளந்து பாருங்கள். உச்சந்தலையிலிருந்து முகவாய்வரை உள்ள உயரத்தில் கண் சரிபாதியில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் அதை மேலே ஏற்றிவிடுகிறோம். நெற்றியிலும் முடியிலும் பார்க்க ஒன்றும் இல்லை என்று அந்த இடத்தைச் சுருக்கிவிடுகிறோம். காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் நடுவில் உட்காருகிறது. இந்த இரண்டையும் சரிசெய்தால் பாதி ஆள் வந்துவிடுவார்.

அளப்பதற்குப் பென்சிலே போதும். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைப் புருவத்திலும் கட்டைவிரல் நகத்தை மூக்கடியிலும் வையுங்கள். அந்த நீளத்தை அப்படியே கீழே இறக்கி, மூக்கடியிலிருந்து முகவாய்க்கு எத்தனை பங்கு என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். ஓவியர் என்றதும் சினிமாவில் ஒரு கையை நீட்டிக் கண்ணைச் சுருக்குவார்களே, அது வெறும் தோரணை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைகிறவர்களுக்கு இன்னொரு பொறி. கையெட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கியிருக்கும். அதை அச்சுப் பிசகாமல் வரைந்தால் படம் சரி, ஆள் தப்பு. இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்த படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மனிதர்களை முதலில் வரைய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் முகம் நமக்கு மனப்பாடம், அதனாலேயே பார்ப்பதில்லை. பஸ்ஸில் எதிர் இருக்கையில் தூங்குகிறவர் நல்ல மாடல்.

அறிகுறி: ஷேடிங் எல்லாம் ஒரே சாம்பலாக இருக்கிறது

பென்சிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஹெச்பி என்றால் அதன் மேல் பழி போடலாம். பென்சில் கரி என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. பிரிட்டனோடு நடந்த போரால் பிரான்சுக்கு நல்ல கிராஃபைட் வருவது நின்றபோது, கொன்டே என்பவர் 1795இல் கண்டுபிடித்த கலவை அது. களிமண் கூடினால் கடினம், ஹெச் பக்கம். கிராஃபைட் கூடினால் மிருது, கருமை, பி பக்கம். ஹெச்பி எழுதுவதற்கான நடுநிலை. எவ்வளவு அழுத்தினாலும் அதன் கறுப்பு ஓர் எல்லையில் நின்றுவிடும். தாள் பள்ளமாவதுதான் மிச்சம். 6பி ஒன்று வாங்குங்கள்.

6பி வைத்திருந்தும் சாம்பலாகவே இருந்தால் அது பயம். கறுப்பாக்கினால் கெட்டுவிடும் என்று எல்லா இடத்தையும் பாதியில் நிறுத்துகிறோம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரங்கள் மங்கி, மூன்று நான்கு திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றில் எது ஆகக் கறுப்போ, அதை முதலிலேயே முழுக் கறுப்பாக்கிவிடுங்கள். அடுப்பு மேடைக்கு அடியில் இருக்கிற இருட்டு, ஜாடிக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற பிளவு. அது விழுந்த பிறகு மற்ற இடங்களைத் தைரியமாக அழுத்த முடியும். சந்தேகம் இருந்தால் படத்தையும் பொருளையும் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விரலால் தேய்க்காதீர்கள். பள்ளியில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஒட்டி, அந்த இடம் ரப்பருக்கும் மசியாத அழுக்காகிவிடும்.

சின்னக் கோளாறுகள், சுருக்கமாக

உள்ளங்கை பட்டுப் படம் கலைகிறது: கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். வலக்கைக்காரர் இடமிருந்து வலமாக வரையுங்கள்.

ரப்பர் போட்டால் தாள் பஞ்சாகிறது: அது பிரிண்டர் தாள், 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) இருக்கும். 120க்கு மேல் போங்கள். முதல் கோடுகளை அழுத்தாமல் போட்டால் அந்தத் தாளிலும் ஓட்டலாம்.

மழைக்காலத்தில் பென்சில் ஓடவில்லை, தாள் நமுத்த அப்பளம் போல் இருக்கிறது: தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா பொட்டலங்கள் இரண்டைக் கூட வையுங்கள்.

சீவச் சீவ முனை ஒடிகிறது: பென்சில் கீழே விழுந்து உள்ளே கரி துண்டுதுண்டாகியிருக்கலாம். ஷார்ப்னர் மழுங்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். வேறு பென்சிலை அதே ஷார்ப்னரில் சீவிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: வாட்டர் கலர் சேறாகிறது

பென்சில் கைக்கு வருமுன் வண்ணத்துக்குத் தாவுவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஆனாலும் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

தாள் அலை அலையாக நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கினால் தாள் மெலிசு. 300 ஜிஎஸ்எம் வாங்குங்கள், நான்கு ஓரத்தையும் அட்டையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். தாள் சரியாக இருந்தும் சேறானால், ஒன்று மூன்று நான்கு வண்ணங்களைக் கலந்திருப்பீர்கள், அல்லது காயுமுன் மேலே பூசியிருப்பீர்கள். ஒரு கலவைக்கு இரண்டு வண்ணம் போதும். காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பளபளப்புப் போயிருந்தாலும் தாள் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கடலோர ஊர்களில் ஐப்பசியில் இதற்கு அரைமணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் எழுந்து போய்விடுவது நல்லது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்காது.

பள்ளியில் பயன்படுத்திய போஸ்டர் கலரையும் இதையும் ஒன்றென்று நினைத்துக் குழம்பாதீர்கள். போஸ்டர் கலர் அடியில் இருப்பதை மூடும், இது மூடாது. வெள்ளை வேண்டும் என்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும்.

அறிகுறி: அரைமணியில் தலைவலி, கழுத்துவலி

நாற்பதைத் தாண்டியவர்கள் இதைத் திறமைக் குறைவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இது வெள்ளெழுத்து. கண்ணின் வில்லை இறுகிவிட்டதால் தூரத்திலிருந்து கிட்டத்துக்குச் சட்டென்று மாற முடிவதில்லை. வரைவது என்றாலோ பொருளுக்கும் தாளுக்கும் நிமிடத்துக்குப் பத்து முறை போய்வருகிற வேலை. படிக்கும் கண்ணாடியைப் போட்டால் தாள் தெரிகிறது, எதிரில் இருக்கிற குடம் கலங்குகிறது. கழற்றினால் குடம் தெரிகிறது, தாள் கலங்குகிறது. படிப்படியாக மாறும் புரோக்ரசிவ் கண்ணாடி போட்டவர்களுக்கு வேறு தொல்லை. படிக்கும் பகுதி கண்ணாடியின் அடியில் இருப்பதால், நிமிர்த்தி வைத்த தாளைப் பார்க்க முகவாயைத் தூக்கவேண்டியிருக்கிறது. கழுத்து பிடித்துக்கொள்வது அதனால்தான்.

எனக்குப் பலித்த வழி, பழைய கணக்குப்பிள்ளைகள் வழி. படிக்கும் கண்ணாடியை மூக்கின் பாதிக்கு இறக்கிவிட்டு, தாளைக் கண்ணாடி வழியாகவும் பொருளை அதன் மேல்விளிம்புக்கு மேலாகவும் பார்ப்பது. அரைவட்டக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் வசதி. அட்டையை மார்புக்கு நேராக நிமிர்த்தாமல் மடிக்கு இறக்கிக்கொண்டால் முகவாயைத் தூக்க வேண்டியிருக்காது. கிட்டப்பார்வைக்கும் சேர்த்துக் கண்ணாடி போடுகிறவர்கள் கண் மருத்துவரிடம் இந்த வேலையைச் சொல்லிக் கேட்பது நல்லது. கணினிக்குச் சொல்வதுபோல் இதற்கும் தூரத்தைக் கணக்கிட்டுத் தருவார்கள்.

வலக்கைக்காரருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கையின் நிழலிலேயே வரைந்துகொண்டிருப்பீர்கள்.

அறிகுறி: வெளியில் உட்கார்ந்து வரையக் கூச்சமாக இருக்கிறது

கூட்டம் கூடும் என்பது உண்மை. முதலில் ஒரு பையன் வருவான், பின் அவன் நண்பன், பின் ஒரு பெரியவர். பெரியவர் எந்த ஊர் என்று கேட்பார், பையன் தன்னை வரையச் சொல்வான். சுவரிலோ தூணிலோ முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் பின்னால் நின்று எட்டிப் பார்க்க முடியாது. பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும். நோட்டு சின்னதாக, உள்ளங்கை அளவில் இருந்தால் எதையோ எழுதுகிறார் என்று விட்டுவிடுவார்கள்.

துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. சியாட்டிலில் பத்திரிகையில் வரைந்துகொண்டிருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ், இன்று உலகம் முழுக்கப் பல ஊர்களில் ஒன்றாகப் போய்த் தெருவை வரையும் பழக்கமாகிவிட்டது. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து ரயில் நிலையத்தை வரைந்தால் யாரும் உங்களை மட்டும் பார்ப்பதில்லை. அதில் நிச்சயம் உங்களைவிட மோசமாக வரைகிறவர் ஒருவர் இருப்பார். எங்கள் குழுவில் முதல் ஆறு மாதம் அது நான்தான்.

அறிகுறி: மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுகிறது

முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம், இரண்டாம் வாரம் மூன்று நாள், மூன்றாம் வாரம் மாமியார் வீட்டு விசேஷம். அதற்குப் பிறகு நோட்டு கண்ணில் படுவதே இல்லை.

நோட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலமாரியில் இருந்தால் அதுதான் கோளாறு. என்னுடையது சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், ஒரு பென்சிலை ரப்பர் பேண்டில் செருகியபடி கிடக்கிறது. காலையில் பால் காய்கிற நேரத்தில் கைக்கு எது அகப்படுகிறதோ அதை வரைகிறேன்: இடுக்கி, இஞ்சித் துண்டு, பாதி உரித்த பூண்டு. ஐந்து நிமிடம், அதற்குமேல் பால் விடாது. சில பக்கங்களில் பொங்கிய பால் தெறித்த கறை இருக்கிறது. அவை பெரும்பாலும் நல்ல படங்கள். கவனம் தப்பியது அதனால்தான்.

ஒவ்வொன்றின் அடியிலும் தேதி போடுங்கள். விட்டுப்போன நாள்களுக்குச் சேர்த்து வரையாதீர்கள். அது வீட்டுப்பாடமாகிவிடும், வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போட நமக்குப் பள்ளியிலேயே நல்ல பயிற்சி உண்டு. பத்து நாள் இடைவெளி விழுந்தால் பதினோராம் நாள் தேதியைப் போட்டு, டபரா டம்ளரையே மறுபடி வரையுங்கள். முதலில் அடிப்பாகத்தின் வளைவைப் பாருங்கள். தட்டையாகியிருந்தால், டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி ஒருமுறை மெல்ல இறக்குங்கள்.